சமூகவியல் பட்டத்துக்கு வேலை எங்கே இருக்கிறது?

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் கலைக் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்ப உட்காரும் வீடுகளில், ஒரு பாடத்தின் பெயர் வந்ததும் கை நின்றுவிடுகிறது: பி.ஏ. சமூகவியல். பி.காம். என்றால் கணக்கு, நர்சிங் என்றால் மருத்துவமனை என்று மனதில் ஒரு படம் வருகிறது. சமூகவியலுக்கு அப்படி எந்தப் படமும் வருவதில்லை. "சமூக சேவையா?" என்கிறார் அப்பா. "ஐ.ஏ.எஸ்.க்குப் படிப்பாங்களே, அதுவா?" என்கிறார் சித்தப்பா. இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி, பாதி தவறு.

இதே பாடம் வேறொரு வாசல் வழியாகச் செய்தியிலும் வந்துகொண்டிருக்கிறது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளும் கணக்கெடுக்கப்படும் என்று மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரல் 30 அன்று முடிவெடுத்தது. அதற்கான அடிப்படை நாள் 2027 மார்ச் 1. "வீடு வீடாகப் போய்ச் சாதியைக் கேட்டு எழுதிக்கொள்வதில் என்ன கஷ்டம்?" என்று தோன்றலாம். அந்தக் கஷ்டம் புரிந்தால் சமூகவியல் பட்டம் எதற்கு என்பதும் புரிந்துவிடும்.

இந்தப் பட்டத்தின் பெயரில் எந்த வேலையும் எழுதப்பட்டிருக்கவில்லை. வேலை இருப்பது அது பழக்கும் ஒரு முறையில். மனிதர்களிடம் எதை எப்படிக் கேட்பது, வந்த பதிலை எப்படி வகைப்படுத்துவது, எண்ணி வந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று எப்படிச் சொல்வது என்பதுதான் அந்த முறை. அது தேவைப்படும் இடங்கள் நிறைய உண்டு. அவற்றுக்கு வேறு வேறு பெயர்ப்பலகை மாட்டியிருப்பதால் கண்ணில் படுவதில்லை.

சமூகவியல் கேட்கும் கேள்வி

'சோஷியாலஜி' என்ற சொல்லைப் பரவச் செய்தவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஒகஸ்ட் கோம்ட்; ஆண்டு 1838. அதைத் தனித்த பாடமாக நிறுத்தியவர்களில் முக்கியமானவர் எமில் டர்க்கைம். அவர் தந்த அடிப்படைக் கருத்து 'சமூக உண்மை'. எந்த ஒரு தனி மனிதரும் திட்டமிடாமல், எல்லோருடைய நடத்தையிலிருந்தும் எழுந்து, திரும்ப எல்லோர் மேலும் அழுத்தம் கொடுக்கும் ஒன்று என்று அதைச் சொல்லலாம்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 851 பேர்தான் இருந்தார்கள். பெற்றோர் வேண்டாம் என்று விடும் பெண் குழந்தைகளை அரசே ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தொடங்கியதும் அதே மாவட்டத்தில்தான். எந்தத் தாயும் "மாவட்ட விகிதத்தைக் குறைப்போம்" என்று நினைத்து முடிவெடுப்பதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் நடந்தது தனித்தனி முடிவு, தனித்தனி அழுகை. ஆனால் கூட்டிப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது.

அந்த ஒழுங்கைச் சமூகவியல் இப்படி அணுகும்:

1. முதல் குழந்தை பிறப்பில் விகிதம் எவ்வளவு, முதலாவது பெண்ணாக இருந்தால் இரண்டாவது பிறப்பில் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும். முதலில் சாதாரணமாக இருந்து இரண்டாவதில் சரிந்தால், "பெண்ணே வேண்டாம்" என்பதைவிட "இன்னொரு பெண் வேண்டாம்" என்பதுதான் அங்கே ஓடுகிறது.
2. நிலம் உள்ள குடும்பம், இல்லாத குடும்பம், வரதட்சணை கொடுக்கும் வழக்கம் புதிதாக வந்த சாதி, பழைய காலத்திலிருந்தே உள்ள சாதி என்று ஒப்பிடும்.
3. ஸ்கேன் மையங்கள் ஊருக்குள் வந்த காலத்தையும் குழந்தைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்ட காலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்.

"கல்நெஞ்சம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் எந்தத் திட்டத்தை மாற்ற வேண்டும் என்று தெரியாமலே போய்விடும். பழி போடுவதற்கு முன்னால் காரணத்தைத் தேடும் இந்தப் பொறுமைதான் பாடத்தின் உயிர்.

சமூகவியல் வேறு, சமூகப்பணி வேறு

வேலை தேடும்போது மிகப் பெரிய இழப்பைத் தருவது இந்தக் குழப்பம்தான்.

சமூகவியல் ஒரு அறிவுத்துறை. சமூகப்பணி ஒரு தொழிற்பயிற்சி. அதன் முதுகலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ. படிப்பவர் மருத்துவமனையிலோ சிறுவர் இல்லத்திலோ தொழிற்சாலையிலோ வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள் மேற்பார்வையோடு பயிற்சி எடுத்தாக வேண்டும். ஒரு தனி ஆளின் சிக்கலை எப்படிக் கையாள்வது, ஒரு குழுவை எப்படி நடத்துவது என்பதுதான் பாடமே. 1936-இல் மும்பையில் தொடங்கிய டாட்டா சமூக அறிவியல் கழகம், 1952-இல் சென்னையில் தொடங்கிய சமூகப்பணிக் கல்லூரி ஆகியவை இந்த மரபில் வந்தவை. டாட்டா கழகம் பிற்பாடு மற்றச் சமூக அறிவியல்களுக்கும் விரிந்தது.

இதனால் விளைவது என்ன? வேலை விளம்பரத்தில் "எம்.எஸ்.டபிள்யூ." என்று மட்டும் இருந்தால், எம்.ஏ. சமூகவியலில் தங்கப் பதக்கம் வாங்கியவருக்கும் அந்தக் கதவு மூடியதுதான். "சமூகப்பணி / சமூகவியல் / உளவியல்" என்று சாய்கோடு போட்டிருந்தால் திறந்தது. ஆகவே, நேரடியாக மக்களுக்கு உதவும் பணிதான் வேண்டும் என்று மனம் சொல்கிற மாணவர் பி.ஏ. சமூகவியல் முடித்துவிட்டு எம்.எஸ்.டபிள்யூ. சேரலாம், அது நன்றாகப் பொருந்தும் ஜோடி. ஆய்வு, கற்பித்தல், கொள்கை என்ற பக்கம் போக நினைப்பவருக்கு எம்.ஏ. சமூகவியல். எதுவும் யோசிக்காமல் "ரெண்டும் ஒண்ணுதானே" என்று சேர்ந்துவிட்டு, முதுகலை முடித்த பிறகு விளம்பரத்தைப் படித்து அதிர்ச்சி அடையும் பிள்ளைகள் நிறையப் பேர். இதை முதல் பருவத்திலேயே யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

"வீட்டில் எத்தனை பேர்?"

களஆய்வில் மிக எளிய கேள்வி இது என்று நினைப்போம். கேட்டுப் பாருங்கள்.

ஒரே கூரை. முன்கட்டில் மாமனார், மாமியார், இளைய மகன் குடும்பம். பின்கட்டில் மூத்த மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். வாசலில் நிற்கும் மாமியார் "ஒன்பது பேர்" என்கிறார். பின்னாலிருந்து வரும் மூத்த மருமகள், "எங்களுக்கு உலை தனி, நாங்க நாலு பேர்" என்கிறார். திருப்பூரில் வேலை செய்யும் கொழுந்தன் மாதம் ஒருமுறை வருவார், சம்பளத்தை அம்மாவிடம் கொடுப்பார். அவரை எந்தப் பக்கம் சேர்ப்பது? இளைய மகனின் பெண் குழந்தை அம்மாச்சி வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகிறாள். அவள் இந்த வீடா, அந்த வீடா?

இந்தியக் கணக்கெடுப்பு இதற்கு வைத்திருக்கும் இலக்கணம், வழக்கமாக ஒன்றாக வசித்து, ஒரே சமையலில் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம் என்பது. நம் பேச்சு வழக்கில் 'ஒரே உலை'. அந்தக் கணக்கில் இங்கே ஒரு கூரையின் கீழ் இரண்டு குடும்பங்கள்.

இப்போது குடும்ப அட்டையை உள்ளே கொண்டுவாருங்கள். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, ஓர் அட்டைக்குத் தகுதியுள்ள ஒரு பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். ஒரே உலையில் சமைத்தாலும் அட்டையில் தனியாக நிற்க இப்போது ஒரு காரணம் இருக்கிறது. கையில் கணினிப் பலகையோடு வாசலில் நிற்கும் பெண்ணிடம் மாமியார் என்ன பதில் சொல்வார் என்பது, அந்தப் பெண் எதற்காக வந்திருக்கிறாள் என்று அவர் நினைப்பதைப் பொறுத்தது. அரசுக்காரி என்று நினைத்தால் ஒரு விடை. கல்லூரிப் பிள்ளை என்று நினைத்தால் வேறு விடை.

இப்படியே "என்ன வேலை செய்றீங்க?" என்ற கேள்வியும். "சும்மா வீட்லதான் இருக்கேன்" என்று சொல்லும் பெண்ணின் மடியில் பீடித் தட்டு இருக்கும். இதைப் பிடிப்பதற்காகவே கேள்வியை மாற்றினார்கள். "வேலை என்ன?" என்று கேட்காமல், "நேற்று காலை நான்கு மணியிலிருந்து ஒவ்வொரு அரைமணி நேரமும் என்ன செய்தீர்கள்?" என்று கேட்பது நேரப் பயன்பாட்டு ஆய்வு. 1998–99 முன்னோட்டம் நடந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. நாடு முழுவதற்குமாக 2019-இல் நடந்தபோது, கூலியில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டது தெரிந்தது. ஆண்கள் 97 நிமிடம். கேள்வியை மாற்றியதும் 'சும்மா' என்ற சொல்லுக்குள் ஐந்து மணி நேர உழைப்பு இருப்பது வெளியே வந்தது.

இந்தத் திறமையைக் கற்றவருக்குச் சம்பளம் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். யார் என்பதற்குக் கீழே வருகிறேன்.

46 லட்சம் சாதிகள்

முழுமையான சாதிக் கணக்கு கடைசியாக வெளியானது 1931-இல். அதில் பதிவான சாதிகள் 4,147. 2011-இல் நடந்த சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் வந்து விழுந்த பெயர்களோ 46 லட்சத்துக்கும் மேல். மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் 2021-இல் இதைச் சொல்லி, அந்தத் தரவு பயன்படுத்தத் தக்கதல்ல என்றது.

எண்பது ஆண்டுகளில் சாதிகள் ஆயிரம் மடங்கு பெருகிவிடவில்லை. நடந்தது இது:

1. முன்கூட்டியே சரிபார்த்த பட்டியல் இல்லாமல், சொன்னதை அப்படியே எழுதினார்கள்.
2. ஒருவர் சாதியைச் சொன்னார், ஒருவர் உட்பிரிவை, ஒருவர் கோத்திரத்தை, ஒருவர் பட்டப்பெயரை.
3. ஒரே பெயர் பல எழுத்துக்கூட்டில் பதிவானது. ஒவ்வொன்றும் தனிச் சாதியாக எண்ணப்பட்டது.

நம் ஊரிலேயே 'முதலியார்' என்று ஒருவர் சொன்னால் அது சாதிப் பெயராக நிற்காது. துளுவ வேளாளரும் அந்தப் பட்டத்தைப் பயன்படுத்துகிறார்கள், செங்குந்தரும் பயன்படுத்துகிறார்கள். எழுதிக்கொள்பவருக்கு அடுத்த கேள்வி என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். அதை அவமானமாகத் தோன்றாமல் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் வகுப்பறையில் படித்தது உதவுகிறது. சாதி என்பது அடுக்கில் அசையாமல் இருக்கும் கல் என்ற எண்ணத்தை உடைத்தவர் மைசூரில் பிறந்த எம்.என். சீனிவாஸ். மேல்தட்டின் வழக்கங்களைக் கைக்கொண்டு ஒரு சாதி தன் நிலையை உயர்த்திக்கொள்ள முயல்வதை அவர் 'சமஸ்கிருதமயமாதல்' என்றார். எண்ணிக்கையும் நிலமும் கையில் வைத்திருக்கும் சாதியை 'ஆதிக்கச் சாதி' என்றார். ஆந்த்ரே பெத்தேய் 1960-களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி, அக்கிரகாரம், மற்றச் சாதியார் தெருக்கள், சேரி மூன்றையும் ஆராய்ந்தார். முன்பு ஒரே இடத்தில் குவிந்திருந்த சாதி மேன்மை, நிலம், அதிகாரம் ஆகியவை ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தொடங்கியதை அவர் காட்டினார். இவர்களுக்கும் முன்பே, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் மாணவர்களைக் கொண்டு இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி, பாலக்குறிச்சி, வடமலாபுரம் ஆகிய ஊர்களைக் கணக்கெடுத்தார். பின்வந்தவர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனதால், ஒரு நூற்றாண்டு மாற்றத்தை ஊர் ஊராகத் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு தமிழ்நாட்டுக்கு இருக்கிறது. இந்த மரபு நம் மண்ணிலேயே விளைந்தது என்பதை முதலாண்டு மாணவருக்கு யாரும் சொல்வதில்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

வேலைகள் இருக்கும் இடங்கள்

*1. கணக்கெடுப்பும் ஆய்வும்*

தேசியக் குடும்பநல ஆய்வு 1992–93-இல் தொடங்கியது. அதன் ஐந்தாம் சுற்று, 2019–21-இல், ஏறத்தாழ 6.37 லட்சம் வீடுகளுக்குப் போனது. ஒருங்கிணைப்பது மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். களத்தில் இறங்குவது ஒப்பந்த ஆய்வு நிறுவனங்கள். இவைபோக, அரசுத் திட்டம் பலன் தந்ததா என்று மதிப்பிடும் ஆய்வுகள் மாவட்டம்தோறும் நடக்கின்றன.

ஏணி இப்படி இருக்கும்: களப்பணியாளர், மேற்பார்வையாளர், ஆய்வு உதவியாளர், ஆய்வு அலுவலர். இளங்கலையோடு முதல் படி கிடைக்கும். மூன்றாம் படிக்கு முதுகலை கேட்பார்கள். பெரும்பாலும் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும் ஒப்பந்தங்கள். அலைச்சல் அதிகம். ஆனால் இரண்டு ஆண்டுகள் களத்தில் இருந்தவருக்கு அடுத்த வேலை கிடைப்பது, நேரே எம்.ஏ. முடித்து வருபவரைவிட எளிது.

*2. சட்டம் உண்டாக்கிய வேலைகள்*

மாணவர்களுக்கு அதிகம் சொல்லப்படாத பகுதி இது. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம், நிலத்தை எடுப்பதற்கு முன் 'சமூகத் தாக்க மதிப்பீடு' செய்யச் சொல்கிறது. எத்தனை குடும்பங்கள் பாதிக்கப்படும், நிலமில்லாத கூலிகளுக்கு என்ன ஆகும், பொதுக்கிணறு, மேய்ச்சல் நிலம், சுடுகாடு என்னாகும் என்று ஆறு மாதத்துக்குள் ஆராய்ந்து, மக்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். அந்த அறிக்கையைப் பரிசீலிக்கும் நிபுணர் குழுவில் அரசு சாராத சமூக அறிவியலாளர்கள் இருவர் இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. தனியார் நிறுவனத்துக்கு என்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம், அரசு–தனியார் கூட்டு என்றால் 70 சதவீதம் சம்மதிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. மாநில நெடுஞ்சாலைச் சட்டம், தொழில் நோக்கங்களுக்கான நிலம் எடுப்புச் சட்டம், ஆதிதிராவிடர் நலத்துக்கான நிலம் எடுப்புச் சட்டம் ஆகிய மூன்றையும் மாநில அரசு இதிலிருந்து விலக்கியது. சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டு மாநிலம் புதுச் சட்டம் இயற்றி அவற்றை மீட்டது. உச்ச நீதிமன்றம் 2021-இல் அதை ஏற்றது. ஆகவே இங்கே சிப்காட்டுக்கும் மாநிலச் சாலைக்கும் எடுக்கப்படும் நிலத்துக்கு மத்தியச் சட்டத்தின் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை. நிலம் இழப்பவருக்கு இது பெரிய இழப்பு என்பது என் கருத்து. வேலை தேடுபவருக்கோ சந்தையைச் சுருக்கும் செய்தி. இருந்தாலும், உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவை கடன் தரும் திட்டங்களில் அவர்களுடைய விதிப்படி சமூக ஆய்வு தேவை. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் போன்ற பெருந்திட்டங்களில் 'சமூக வல்லுநர்' என்ற பதவி வருவது இதனால்தான்.

அடுத்தது நிறுவனங்கள் சட்டம், 2013. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும், வழக்கில் சி.எஸ்.ஆர். சராசரியாக 10 கோடியோ அதற்கு மேலோ இந்தக் கடமை உள்ளவர்கள், ஒரு கோடிக்குக் குறையாத திட்டங்களுக்கு வெளியாரைக் கொண்டு தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்று 2021 திருத்தம் சேர்த்தது. "பள்ளிக்குக் கழிவறை கட்டினோம்" என்ற புகைப்படம் போதாது. அதனால் பெண் பிள்ளைகள் வருகை கூடியதா என்று காட்ட ஆள் வேண்டும்.

மூன்றாவது, சிறார் நீதிச் சட்டம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பாதுகாப்பு அலுவலர், சமூகப் பணியாளர், ஆற்றுப்படுத்துநர், புறத்தொடர்புப் பணியாளர் என்று பணியிடங்கள் உண்டு. ஆட்சியர் அலுவலகம் வெளியிடும் அந்த விளம்பரங்களில் சமூகவியல் பெரும்பாலும் சாய்கோட்டோடு இடம்பெறும். தொகுப்பூதியம்தான். பணியின் கனம் அதைவிட மிக அதிகம்.

*3. கற்பித்தல்*

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் சமூகவியல் பாடமாக அநேகமாக இல்லை, சி.பி.எஸ்.இ.-யில் உண்டு. பி.எட். சேர்க்கையிலும் வரலாறு, புவியியல் பட்டத்துக்குள்ள இடம் சமூகவியலுக்கு அப்படியே கிடைப்பதில்லை. ஆசிரியர் கனவோடு இந்தப் பாடத்தை எடுப்பவர் அந்த ஆண்டின் பி.எட். வழிகாட்டியை வரிக்கு வரி படித்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

கல்லூரிக்கு என்றால் எம்.ஏ., பிறகு தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட். நெட் தேர்வு இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. மேலே வருபவர்களுக்கு ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை முனைவர் பட்டம் வரை கடனில்லாமல் போக நம்பகமான வழி இதுதான். நிரந்தர உதவிப் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. காத்திருக்கும் காலம் நீளம்.

*4. போட்டித் தேர்வுகள்*

"ஐ.ஏ.எஸ்.க்கு நல்லது" என்பதன் உண்மை இவ்வளவு: குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் 1,750 மதிப்பெண்ணில் விருப்பப் பாடத்துக்கு 500. சமூகவியல் அந்தப் பட்டியலில் உண்டு. முதல் தாளில் மார்க்ஸ், டர்க்கைம், வெபர் தொடங்கிக் கோட்பாடுகள், இரண்டாம் தாளில் இந்தியச் சமூகம். தமிழிலேயே எழுதலாம். கட்டுரைத் தாளுக்கும் பொது அறிவுத் தாள்களுக்கும் கூடுதல் பலன் உண்டு. ஆனால் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுப்பவர்களில் பொறியாளர்களும் மருத்துவர்களும் ஏராளம். அதற்குப் பட்டம் தேவையில்லை. 2025 அறிவிக்கையில் மொத்தப் பணியிடங்கள் 979. இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் மூன்று ஆண்டுப் பட்டத்தைத் தேர்ந்தெடுப்பது சரியான கணக்கு அல்ல.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 முதன்மைத் தேர்வில் விருப்பப் பாடம் இல்லை. ஆனால் இந்திய, தமிழகச் சமூகப் பிரச்சினைகள் பாடத்திட்டத்திலேயே உண்டு. அங்கே சமூகவியல் மாணவர் விடை எழுதும் விதமே வேறாக இருக்கும்.

*5. தனியார் துறை*

சந்தை ஆய்வு, பயனர் ஆய்வு, மனிதவளம், ஊடகம். இவற்றில் கவனிக்க வேண்டியது பயனர் ஆய்வு. ஒரு கைப்பேசிச் செயலியை அம்மா ஏன் பாதியில் விட்டுவிட்டு மகனிடம் கொடுக்கிறார் என்று கண்டறிவது, "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்பதன் தங்கைதான். விளம்பரத்தில் சமூகவியல் என்று எழுதியிருக்க மாட்டார்கள். நேர்முகத்தில் நீங்கள்தான் சொல்லிக் காட்ட வேண்டும்.

இரண்டாவது கைத்திறன்

பட்டம் மட்டும் கையில் இருப்பவருக்கும் பட்டத்தோடு ஒரு கருவி தெரிந்தவருக்கும் இடையே இடைவெளி பெரிது. எக்செல் அடிப்படை, அதற்கு மேல் புள்ளியியல் மென்பொருள்களான எஸ்.பி.எஸ்.எஸ்., ஸ்டாட்டா, ஆர் மூன்றில் ஒன்று. ஆர் மொழிக்குக் காசு கிடையாது, வீட்டுக் கணினியிலேயே பழகலாம். கைப்பேசியில் கேள்வித்தாள் அமைக்கும் கோபோ டூல்பாக்ஸை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். 2021 முதல் கேட் (GATE) தேர்விலும் மனிதப் பண்பியல் (ஹியூமானிட்டீஸ்), சமூக அறிவியல் தாளுக்குள் சமூகவியல் ஒரு பிரிவாக இருக்கிறது, ஐ.ஐ.டி.க்களின் முதுகலை, முனைவர் பட்ட வாசல்களில் அது உதவும்.

மொழி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அறிக்கைகள் ஆங்கிலத்தில் கேட்கப்படுகின்றன. அதைப் பழகித்தான் ஆக வேண்டும். அதே நேரம், ஒரு பேட்டியில் 'உலை தனி' என்று வந்ததை அதன் முழுப் பொருளோடு பிடிக்கக்கூடியவர் தமிழில் வளர்ந்த பிள்ளைதான். பெருநகர நிறுவனத்தில் அது குறையாகத் தோன்றினால், நம்பாதீர்கள். களத்திலிருந்து வரும் தரவு சரியாக இருப்பதும் கெடுவதும் அந்தக் காதைப் பொறுத்தது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது

தமிழ்நாட்டு அரசு, உதவிபெறும் கல்லூரிகளில் இளங்கலை மூன்று ஆண்டு, ஆறு பருவம். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 2022 முதல் நான்காம் ஆண்டும் உண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும்பாலும் க்யூட் நுழைவுத் தேர்வு. முதுகலைக்குத் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார், திருச்சி பாரதிதாசன், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்றவை அருகில் இருக்கின்றன. வெளியே போக முடிந்தால் ஹைதராபாத், ஜே.என்.யூ. சென்னை அடையாற்றில் 1971-இல் மால்கம் ஆதிசேசய்யா தொடங்கிய வளர்ச்சி ஆய்வு நிறுவனம் நம் மாநிலத்தைப் பற்றிய ஆய்வுகளுக்குப் பெயர்பெற்றது. அதன் நூலகமே ஒரு கல்லூரி.

சேர்வதற்கு முன் துறைக்கு நேரில் போய் இவற்றைக் கேளுங்கள்:

1. ஆய்வு முறையியல் எத்தனை தாள்? புள்ளியியல் உண்டா? கணினியில் நடத்துகிறார்களா, கரும்பலகையில் முடிக்கிறார்களா?
2. மூன்று ஆண்டில் மாணவர் ஒரு கிராமத்திலோ நகர்ப்புறக் குடியிருப்பிலோ மொத்தம் எத்தனை நாள் தங்குவார்? 'களப்பயணம்' என்ற பெயரில் ஊட்டிக்குப் போய்வருவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.
3. போன ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பத்துப் பேரைப் பற்றியாவது ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் நல்ல துறை.
4. பழைய மாணவர்களின் ஆய்வேடுகளை அலமாரியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஐந்தைப் புரட்டினால் போதும். பின்னிணைப்பில் கேள்வித்தாள் இருக்கிறதா, அது பேச்சுத் தமிழில் இருக்கிறதா, பதில் சொன்னவர்களின் சொற்கள் ஓரிடத்திலாவது அப்படியே வருகிறதா என்று பாருங்கள். ஐந்திலும் அதே ஐம்பது பேர், அதே வயது–கல்வி–வருமான அட்டவணை, ஊர்ப் பெயர் மட்டும் மாறியிருக்கிறது என்றால், ஏட்டை அலமாரியிலேயே வைத்துவிட்டு அடுத்த கல்லூரிக்குப் பேருந்து ஏறுங்கள்.